ஏ ப்ளஸ் போட்டவரா, மூன்று தடவை எழுதவைத்தவரா?

(அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பங்களுக்கு யாரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது என்று வந்த வாசகர் கேள்விகளுக்கு, நியூ ஜெர்சியில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கும் நம் வாசகி பதில் சொல்கிறார்.)

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகன் பதினோராம் வகுப்பு முடிக்கப்போகிறான். கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படிக்க ஆசை. எம்.ஐ.டி. உட்படப் பத்துக் கல்லூரிகளுக்குப் போடப்போகிறான். இரண்டு ஆசிரியர்களிடம் கடிதம் வாங்க வேண்டுமாம். பிசிக்ஸ் சார் ஏ ப்ளஸ் போட்டிருக்கிறார், கணக்கு மேடமும் ஏ ப்ளஸ். இவர்கள் இரண்டு பேரிடமும் கேள் என்கிறேன். அவனோ இங்கிலீஷ் மேடத்திடம்தான் கேட்பேன் என்று நிற்கிறான். அந்த அம்மா ஒரே கட்டுரையை மூன்று தடவை எழுதவைத்து, கடைசியில் பி ப்ளஸ் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி இவன் சாப்பிடக்கூட இல்லை. இப்போது அவரிடமே போய்க் கேட்பானாம். நீங்களே சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: சொல்லிவிடுகிறேன். உங்கள் பையன் சொல்வதுதான் சரி.

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். எம்.ஐ.டி. இரண்டு கடிதம் கேட்கிறது. ஒன்று கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்து. இன்னொன்று இலக்கியம், வரலாறு, சமூக அறிவியல், மொழி இவற்றில் ஏதாவது ஒன்றைக் கற்பித்தவரிடமிருந்து. கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்லூரியிலும் இதே கதைதான். அதனால் பிசிக்ஸ், கணக்கு என்று நீங்கள் போட்டுவைத்த ஜோடி அங்கே செல்லாது. இங்கிலீஷோ ஹிஸ்டரியோ ஒருவர் வந்தே ஆக வேண்டும்.

விதி இல்லாத கல்லூரிக்கும் நான் இதையேதான் சொல்வேன். பையன் வாங்கிய ஏ ப்ளஸ் அவனுடைய மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே போய்விடுகிறது. அதையே ஆசிரியர் இன்னொரு முறை வாக்கியமாக எழுதினால் படிப்பவருக்கு என்ன புதிதாகத் தெரியும்? நான் பாளையங்கோட்டையில் பள்ளி முடித்தபோது ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அச்சடித்த வரி, நடுவில் பெயருக்கு மட்டும் ஒரு கோடு. வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைத்தவளுக்கும் அதுதான், எனக்கும் அதுதான். நம்மில் பலர் மனத்தில் இந்தச் சான்றிதழின் இங்கிலீஷ் வடிவம்தான் பரிந்துரைக் கடிதம் என்று பதிந்திருக்கிறது.

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க ‘காமன் ஆப்’ என்று ஓர் இணையதளம் இருக்கிறது. அதன் வழியாகக் கடிதம் அனுப்பும்போது ஆசிரியருக்கு ஒரு படிவமும் வரும். வரிசையாகக் குணங்கள் போட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் நாங்கள் கட்டம் நிரப்ப வேண்டும். சராசரிக்குக் கீழே என்பதில் ஆரம்பித்து, ‘நான் பார்த்த மிகச் சிலரில் ஒருவர், முதல் 1 சதவீதம்’ என்பது வரை போகும். அதில் ஒரு வரி, பின்னடைவு வந்தால் இந்த மாணவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது. உங்கள் பிசிக்ஸ் சார் அந்தக் கட்டத்தில் என்ன போடுவார்? பையன் அவர் வகுப்பில் தடுக்கியே விழுந்ததில்லையே. இங்கிலீஷ் மேடம் யோசிக்கவே மாட்டார். மூன்று வரைவும் அவர் கையில் இருக்கிறது. சாப்பிடாமல் படுத்த பிள்ளை மறுநாள் எழுந்து மறுபடி எழுதிக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர்தான்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கு நான் கொடுத்தது பி ப்ளஸ். அமில-காரத் தரம்பார்த்தல் சோதனை. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தது, இவளுக்கு மட்டும் கூடுதலாக வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் ‘எங்க ரீடிங்கைப் பார்த்து எழுதிக்கோ’ என்றார்கள். எழுதிக்கொள்ளவில்லை. தப்பான எண்ணை அப்படியே எழுதிக்கொடுத்து மதிப்பெண் இழந்தாள். மறுநாள் பள்ளி விட்ட பிறகு வந்து, ‘மறுபடி செய்து பார்க்கலாமா?’ என்று கேட்டாள். இரண்டு தடவை செய்தாள். இரண்டாவது தடவையில் அவளே கண்டுபிடித்தாள்: பியூரெட் என்கிற அளவுக் குழாயின் நுனியில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ். ஊற்றத் தொடங்கியதும் குமிழ் வெளியேறி, அந்த இடத்தைத் திரவம் நிரப்பிக்கொள்கிறது. குடுவைக்குள் விழாத திரவமும் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்தக் கடிதத்தை எழுத எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. அதே வருஷம் ஏ ப்ளஸ் வாங்கிய ஒரு பையனுக்கு எழுத ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது, அப்படியும் கடிதம் சவசவ என்றுதான் வந்தது. நல்ல பிள்ளை. ஆனால் சொல்ல ஒரு சம்பவம் இல்லை.

இதில் என் குற்றமும் ஒன்று உண்டு. ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளைச் சேர்க்கையில் ஒதுக்குகிறது என்று ஹார்வர்டுக்கு எதிராக 2014-ல் தொடுத்த வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் வரை போய், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையே முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னால் 2019-ல் நீதிபதி ஆலிசன் பரோஸ் கொடுத்த தீர்ப்பு ஹார்வர்டுக்குச் சாதகமானது. விண்ணப்பிப்பவர்களின் குணத்துக்கு ஹார்வர்டு போடும் ஆளுமை மதிப்பெண் ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் குறைவாக விழுவது அந்த விசாரணையில் பெரிய பேச்சு. அதற்கு ஒரு காரணமாக, ஆசிரியர்களும், பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சலர்களும் எழுதிய கடிதங்களிலேயே இந்தப் பிள்ளைகளின் ஆளுமை கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது என்று தீர்ப்பு குறிப்பிட்டது. எனக்குச் சுருக்கென்றது. என் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் எழுதியதில் ‘உழைப்பாளி, அமைதியானவர், மரியாதையானவர்’ என்று பக்கத்துக்குப் பக்கம். மற்றவர்களுக்கு எழுதியதில் சம்பவங்கள். புடவை கட்டிக்கொண்டு தீபாவளிக்கு லட்டு கொண்டுபோகிற நானே இப்படி எழுதியிருக்கிறேன். அன்றையிலிருந்து ‘அமைதியானவர்’ என்ற சொல்லைக் கடிதத்தில் எழுதுவதில்லை.

அதனால் இரண்டாவது கடிதத்துக்கு பிசிக்ஸா கணக்கா என்பதை மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்று ராத்திரி சாப்பிடும்போது பையனிடம் கேளுங்கள்: ‘அந்த வகுப்பில் நடந்த ஒரு விஷயம் சொல்லு, மார்க் பற்றி இருக்கக் கூடாது.’ எந்த ஆசிரியரைப் பற்றிக் கதை வருகிறதோ அவர். பி ப்ளஸ் கொடுத்தவரெல்லாம் நல்ல கடிதம் எழுதுவார் என்றும் நினைத்துவிட வேண்டாம். தூங்கி வழிந்து வாங்கிய பி ப்ளஸ் வேறு.

இன்னும் ஒன்று. பதினோராம் வகுப்பு ஆசிரியரே நல்லது. ஒன்பதாம் வகுப்பில் பார்த்தவருக்கு நினைவில் இருப்பது வேறொரு சின்னப் பையன். பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியருக்கோ, நவம்பர் 1 அன்று முன்கூட்டிய விண்ணப்பம் போகிறது என்றால், பிள்ளையைத் தெரிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். காமன் ஆப் புது ஆண்டுக்கு ஆகஸ்ட் 1-ல் திறக்கும். அதுவரை காத்திருக்காமல் இந்த மே, ஜூனிலேயே நேரில் போய்க் கேட்கட்டும். நான் வருஷத்துக்கு இருபது கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். போன தடவை ஜூன் இரண்டாம் வாரத்திலேயே இருபதும் நிரம்பிவிட்டது. இதற்குச் சம்பளம் கிடையாது, இரவில் சமையல் முடித்துவிட்டு உட்காரும் வேலை.

கேட்க வேண்டியவன் அவன், நீங்கள் இல்லை. ஒரு அப்பா எனக்கு மெயில் போட்டு, பிரின்சிபாலுக்கும் ஒரு நகல் வைத்தார். கடிதம் எழுதினேன்தான். ஆனால் எழுதி முடிக்கும்வரை அந்த மெயில்தான் கண் முன்னால் நின்றதே தவிர, அந்தப் பிள்ளையின் முகம் வரவில்லை. ‘எனக்காக ஒரு நல்ல கடிதம் எழுத உங்களால் முடியுமா?’ என்று பையன் கேட்கட்டும். ஆசிரியர் கொஞ்சம் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போவதே உத்தமம். அந்தத் தயக்கம் அவர் செய்கிற உதவி.

கேள்வி: என் நண்பர் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் வைஸ் பிரசிடெண்ட். என் மகளைச் சின்ன வயசிலிருந்து தெரியும். கடிதம் தரத் தயாராக இருக்கிறார். ஆசிரியர் கடிதத்தைவிட இது எடுபடும் இல்லையா?
– ஒரு தந்தை, சான் ரமோன், கலிஃபோர்னியா

பதில்: எடுபடாது. ஊரில் சான்றிதழ் நகலைத் தூக்கிக்கொண்டு பச்சை மை அதிகாரியைத் தேடி அலைந்தோமே, அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. ‘சிபாரிசு’ என்ற சொல்லிலேயே பெரிய இடத்துச் செல்வாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே கேட்பது சாட்சி. பிறந்தநாள் விழாவில் உங்கள் மகளைப் பார்த்த வைஸ் பிரசிடெண்ட் எதற்குச் சாட்சி சொல்வார், கேக் வெட்டியதற்கா?

நீங்கள் கலிஃபோர்னியாவில் இருப்பதால் ஒரு செய்தி. யூ.சி., அதாவது கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள், விண்ணப்பத்தோடு பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை. பெர்க்லி போன்றவை பிறகு சிலரை அழைத்துக் கேட்பதுண்டு. யூ.சி. மட்டும்தான் குறி என்றால் இப்போதைக்கு இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

மற்றக் கல்லூரிகளில் பல, ஆசிரியர் கடிதங்கள் போக, கூடுதலாக ஒருவருக்கு இடம் தருகின்றன. மகள் ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ‘அ, ஆ’ சொல்லிக்கொடுக்கிறாள் என்றால் அந்தப் பள்ளியின் ஆசிரியை எழுதலாம். பிள்ளைகள் அடம் பிடித்தபோது அவள் என்ன செய்தாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அது கூடுதல்தான். பள்ளி ஆசிரியர் கடிதத்துக்கு அது ஈடாகாது.

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக ஊழியன். என் பேரன் இங்கே மதுரையில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பிளஸ் டூ போகப்போகிறான். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறான். பள்ளியில் கேட்டால், ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்’ என்கிறார்கள். டியூஷன் சார்தான் அவனை நன்றாக அறிந்தவர். அவரிடம் வாங்கலாமா? இதெல்லாம் சரிதானா?
– ஒரு தாத்தா, மதுரை

பதில்: ஐயா, சரியா என்று நீங்கள் கேட்டதே பெரிய விஷயம். சரியில்லை. கடிதம் ஆசிரியருடையது என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். அது பிள்ளை எழுதியதாக இருக்கக் கூடாது. நீதி நியாயத்தை விடுங்கள், காரியத்துக்கும் ஆகாது. பதினேழு வயதுப் பையன் தன்னைப் பற்றித் தானே எழுதினால் ஒன்று ஆகாயத்துக்குப் புகழ்வான், இல்லையென்றால் கூச்சப்பட்டு ஒன்றும் சொல்லமாட்டான். விண்ணப்பத்தில் பையன் எழுதும் கட்டுரையும் இந்தக் கடிதமும் ஒரே கை எழுதியது என்பது ஆயிரக்கணக்கில் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும்.

ஆசிரியர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஐம்பது பிள்ளைகள் வகுப்பில், தேர்வுத் தாள் திருத்தும் நேரத்தில் இதை எழுது என்றால் எப்படி எழுதுவார்கள்? அதனால் பேரன் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்கட்டும். தன்னைப் புகழ்ந்து அல்ல. அந்த ஆசிரியரின் வகுப்பில் நடந்ததை நினைவூட்டுகிற மாதிரி. ‘மேடம், ஒளியியல் பாடத்தில் நான் செய்த மாடல் முதலில் வேலை செய்யவில்லை, நீங்கள் லென்சை மாற்றிப் பார்க்கச் சொன்னீர்கள்’ என்ற அளவில் நாலைந்து போதும். இங்கேயும் பிள்ளைகள் எங்களுக்கு அப்படித்தான் குறிப்பு கொடுக்கிறார்கள். ஆசிரியரின் இங்கிலீஷ் எளிமையாக இருந்தால் பரவாயில்லை. அலங்காரமான நடையை அங்கே யாரும் தேடவில்லை.

டியூஷன் சார் பற்றிக் கேட்டீர்கள். கல்லூரி கேட்பது பள்ளியில் பாடம் எடுத்தவரை. டியூஷன் சார் கூடுதல் ஆளாக வரலாம், அதுவும் கல்லூரி அனுமதித்தால். கவுன்சலர் என்று ஒரு பகுதி விண்ணப்பத்தில் வரும். உங்கள் பேரன் பள்ளியில் அப்படி ஒருவர் இல்லையென்றால் முதல்வரோ துணை முதல்வரோ அதை நிரப்பலாம். பள்ளியின் பெயரில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் ஆசிரியர் அதையே பயன்படுத்தட்டும். கடிதம் ஆசிரியரிடமிருந்து நேராகப் போகும். உறையில் போட்டு ஒட்டி நீங்கள் தபாலாபீசுக்கு நடக்க வேண்டியதில்லை.

கேள்வி: கடிதத்தைப் படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று காமன் ஆப்பில் ஒரு கேள்வி வருகிறது. உரிமையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?
– சார்லட், வட கரோலினா

பதில்: அது 1974-ல் வந்த ஒரு சட்டம். மாணவர் தன்னைப் பற்றிய ஆவணங்களைப் பார்க்கலாம் என்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தைப் பொறுத்தவரை, அந்தக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, அவர்கள் அதை இன்னும் வைத்திருந்தால்தான் பார்க்கலாம். இடம் கிடைக்காத கல்லூரியில் அந்த உரிமை எதற்கும் உதவாது. விட்டுக்கொடுங்கள். பிள்ளை பார்க்கப்போகிறது என்றால் ஆசிரியர் கை அடங்கிவிடும். படிப்பவரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார். அந்த ஆசிரியரின் கடிதத்தைப் பார்க்காமல் நிம்மதி வராது என்றால், ஆளை மாற்றுங்கள்.

கேள்வி: கடிதம் தரும் ஆசிரியருக்கு கிஃப்ட் கார்டு கொடுக்கலாமா? எவ்வளவு?
– நேப்பர்வில், இல்லினாய்

பதில்: எழுதுவதற்கு முன்னால் ஒன்றும் கூடாது. எழுதிய பிறகு கையால் எழுதிய நாலு வரி நன்றி போதும். ஏப்ரலில் எங்கே இடம் கிடைத்தது என்று வந்து சொல்லச் சொல்லுங்கள். கடிதம் வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்வதேயில்லை. நாங்கள்தான் வேறு பிள்ளைகளிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறோம்.

கேள்வி: மிஸ், நான் கோவையில் பத்தாவது முடித்துவிட்டு அப்பாவுக்கு மாற்றல் கிடைத்ததால் போன ஆகஸ்ட்டில் இங்கே வந்தேன். பதினோராம் வகுப்பு. மதியச் சாப்பாடு லைப்ரரியில்தான், ஏனென்றால் எனக்கு ஃப்ரெண்ட்ஸ் இல்லை. எந்த டீச்சருக்கும் என்னைத் தெரியாது. கணக்கில் முதல் மார்க் வாங்குகிறேன், ஆனால் அவர் என் பெயரைச் சரியாகக்கூடச் சொல்லமாட்டார். ஹிஸ்டரி மிஸ் மட்டும் ஒரு தடவை, காந்தி தண்டிக்கு நடந்த பாடம் வந்தபோது, உனக்கு இதில் ஏதாவது தெரியுமா என்றார். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளினார் என்று சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். அதைப் பற்றி எழுதிக்கொண்டு வா என்றார், இரண்டு பக்கம் எழுதினேன். அவ்வளவுதான். ஹிஸ்டரியில் எனக்கு பி. நான் யாரிடம் கேட்பது?
– எடிசன், நியூ ஜெர்சி

பதில்: கண்ணு, யாருக்கும் உன்னைத் தெரியாது என்று எழுதிவிட்டு, அதே மூச்சில் தெரிந்த ஒருவரைப் பற்றி ஏழெட்டு வரி எழுதியிருக்கிறாயே.

அந்த ஹிஸ்டரி மிஸ் எத்தனை வருஷமாக அந்தப் பாடத்தை எடுக்கிறாரோ, 1930 ஏப்ரலில் தமிழ்நாட்டிலும் ஓர் உப்பு யாத்திரை நடந்தது என்று அவர் வகுப்பில் யாராவது எழுந்து நின்று சொல்லியிருப்பார்களா? வந்து சில மாதமே ஆன பெண், திக்கினாலும் சொன்னாள். கேட்டதற்கு இரண்டு பக்கம் எழுதியும் கொண்டுவந்தாள். ‘பி’யைப் பற்றிக் கவலைப்படாதே. புது நாட்டில், புது மொழியில், முதல் வருஷம் என்பது அவருக்குத் தெரியும், கடிதத்தில் அவரே அதைச் சொல்வார். நீ சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். அவர் சொன்னால் விளக்கம்.

இன்னொரு கடிதம் கணக்கு சாரிடம்தான் என்றால் பள்ளி ஆண்டு முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பள்ளி விட்டதும் போய், உனக்கு நிஜமாகவே புரியாத ஒன்றைக் கேள். புரிந்ததைப் புரியாத மாதிரி கேட்காதே, எங்களுக்குத் தெரிந்துவிடும். அப்படியே உன் பெயரை எப்படிச் சொல்வது என்று ஒரு தடவை சொல்லிக்கொடு. கோபமாக இல்லை, சாதாரணமாக. என் பெயரை இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் சிறப்பு வகுப்பு ஆசிரியர் உனக்கு இருந்தால், மூன்றாவது கடிதத்துக்கு இடம் தருகிற கல்லூரிகளுக்கு அவரைக் கேள். செப்டம்பரில் நீ எப்படிப் பேசினாய், இப்போது எப்படிப் பேசுகிறாய் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

ஹிஸ்டரி மிஸ்ஸிடம் போகும்போது அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போ. வீசிவிடவில்லையே?